அறுபதுக்குப் பின் கால் இழந்தவருக்கு உதவிப்பணம் பெறுவது எப்படி: வன்னியிலிருந்து ஒரு வழிகாட்டி

2024ஆம் ஆண்டு மாசி மாதம் என் அம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வளவில் குத்திய உடைமுள்ளும், பல வருடச் சீனி வருத்தமும் சேர்ந்து அந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டன. அப்போது அவருக்கு வயது 63. முதலாவது கொடுப்பனவு எங்கள் கைக்கு வந்தபோது பதினான்கு மாதங்கள் கடந்திருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் நாங்கள் விட்ட பிழைகளாலும் எங்களுக்குத் தவறாகச் சொல்லப்பட்டவற்றாலும் வீணாகியவை. உங்கள் வீட்டில் யாராவது அறுபதுக்குப் பின் காலை இழந்தால், பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்தால், பார்வையை இழந்தால், அந்த மாதங்களை நீங்களும் இழக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். இலங்கையில் 60 வயதானால் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம், ஆனால் முதியோர் கொடுப்பனவு 70 வயதில்தான் தொடங்குகிறது. 2025 சித்திரையிலிருந்து முதியோர் கொடுப்பனவு மாதம் 5,000 ரூபா, மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு 10,000 ரூபா. இடையில் இருக்கும் பத்து வருடங்களில் ஒருவர் காலை இழந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அவர் முதியவர், பட்டியலின் கண்ணுக்கு அவர் இன்னும் முதியவர் அல்ல. "வயது போனவருக்கு இது வழமைதானே" என்ற ஒரு வசனத்தோடு அவருடைய விண்ணப்பம் மேசையின் ஓரத்துக்குப் போய்விடும். முப்பது வயதில் கால் இழந்த ஒருவரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அதாவது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், இயலாமையை வரையறுக்கும்போது வயதைக் கேட்கவில்லை. அது பிறவியில் வந்ததா, பின்னர் வந்ததா என்றும் பிரிக்கவில்லை. உடல் அல்லது உளத் திறனில் ஏற்பட்ட குறைபாட்டால் வாழ்வுக்குத் தேவையானவற்றை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர் எவரோ, அவரையே அது கருதுகிறது. ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் உங்கள் நோக்கம் ஒன்றுதான்: எந்தத் தாளிலும் "முதுமை" காரணமாக எழுதப்படாமல், இயலாமை இயலாமையாகவே பதியப்பட வேண்டும்.

1. வைத்தியசாலையை விட்டு வெளியேறும் நாளிலேயே தாள்களைச் சரிபாருங்கள்

வீட்டுக்கு விடும் நாளில் எல்லோருக்கும் அவசரம். வாகனம் வாசலில் நிற்கும், நோயாளி களைத்திருப்பார், கையில் தந்த நோய் நிர்ணய அட்டையை யாரும் வாசிப்பதில்லை. நாங்களும் வாசிக்கவில்லை. அந்த அட்டையில் நோயின் பெயர் இருந்தது, ஆனால் எந்தக் கால், எந்த மட்டத்தில் எடுக்கப்பட்டது என்பது இருக்கவில்லை. அந்த ஒரு வரிக்காக இரண்டு மாதம் கழித்து மீண்டும் போனோம். விடுதி மாறியிருந்தது, வைத்தியர் இடமாற்றம் பெற்றிருந்தார், பழைய பதிவை எடுப்பதற்கு மட்டும் இரண்டு நாட்கள் போயின.

ஆகவே விடுதியிலேயே நின்று, அட்டையில் எழுதியிருப்பதைத் தாதியரிடமோ வைத்தியரிடமோ தமிழில் வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். எந்தப் பக்கம், எந்த மட்டம், சத்திரசிகிச்சை நடந்த திகதி, விடுதிப் பதிவிலக்கம், அடுத்த கிளினிக் நாள் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். பாரிசவாதமானால் எந்தப் பக்கம் செயலிழந்தது, பேச்சு பாதிக்கப்பட்டதா என்பவை இருக்க வேண்டும். அட்டையைப் போட்டோக் கொப்பி எடுத்து, மூலத்தைப் பொலித்தீன் உறைக்குள் வையுங்கள். கிளினிக் கொப்பியையும் கண்டபடி கொடுத்துவிடாதீர்கள், பிறகு அதுவே உங்கள் பெரிய சாட்சி.

பணத்தோடு சேராத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே எடுத்தவருக்குச் சுகமாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். அப்படியே மடங்கி இறுகிவிட்டால் பின்னர் செயற்கைக் கால் பொருத்துவது கடினமாகும். எங்கள் வீட்டில் மூன்று வாரம் அன்போடு தலையணை வைத்தோம். அதை நிமிர்த்த அம்மா பட்ட வேதனையை நான் மறக்கவில்லை.

2. பெயர்களை ஒத்துப் பாருங்கள்

தேவைப்படும் தாள்கள் இவை: தேசிய அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், குடும்ப அட்டை, நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, அவருடைய பெயரிலேயே உள்ள வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், கடவுச்சீட்டு அளவுப் படங்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுங்கள். பிரதி எடுக்கும் கடை பிரதேச செயலகத்துக்கு எதிரே இருந்தாலும் மின்சாரம் இல்லாத நாளில் அது உதவாது.

வன்னியில் பலருக்குத் தாள்கள் 2009இல், போரின் கடைசி மாதங்களில், போன வழியில் போய்விட்டன. பின்னர் எடுத்தவற்றில் ஒன்றில் தகப்பன் பெயர் முன்னெழுத்தாகவும், இன்னொன்றில் முழுப் பெயராகவும், மற்றொன்றில் கணவன் பெயரோடும் இருக்கும். விண்ணப்பம் கொடுக்கும் முன்பே இவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதிவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து அதையும் இணையுங்கள். பிறப்புப் பதிவே கிடைக்காதவர்கள் உத்தேச வயதுப் பத்திரம் எடுக்க வேண்டும், அதற்கு நாள் எடுக்கும் என்பதால் அந்த வேலையை மற்றவற்றுக்கு முன்னர் தொடங்குங்கள்.

3. கிராம உத்தியோகத்தரிடம் போகும்போது

விதானையார், அதாவது கிராம உத்தியோகத்தர், அலுவலகத்தில் இருக்கும் நாட்கள் கதவில் ஒட்டப்பட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். அவரிடமிருந்து வதிவிட உறுதிப்படுத்தலும் வருமானம் பற்றிய சான்றும் தேவை. பதிவு வேறு கிராம உத்தியோகத்தர் பிரிவில் இருந்தால், அதாவது மகளோடு வந்து தங்கியிருக்கும் தாய்க்கு இன்னும் பழைய ஊரில் பதிவு இருந்தால், எந்தப் பிரிவினூடாக விண்ணப்பிப்பது என்பதை அங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் பாதி பாதியாகப் போட்டால் இரண்டு இடத்திலும் நிற்கும்.

வருமானக் கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. "மகன் வெளியிலைதானே?" என்று கேட்பார்கள். என் தம்பி பிரான்சில் இருக்கிறான். அவன் முதல் இரண்டு வருடம் பயணக் கடன் கட்டினான், இப்போது எப்போதாவது அனுப்புகிறான். அதை மறைக்கவும் வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். கடந்த பன்னிரண்டு மாதத்தில் அவன் அனுப்பிய தொகையை வங்கிப் புத்தகத்தோடு காட்டி, அதை மாத வருமானமாகப் பிரித்து எழுதும்படி கேட்டோம். எண்ணைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. எண் இல்லாதபோது ஊரின் கற்பனைதான் உங்கள் வருமானம்.

4. பிரதேச செயலகத்தில் சரியான மேசை

நீங்கள் பார்க்க வேண்டியவர் சமூக சேவைகள் உத்தியோகத்தர். அவர் வெளிக்களத்துக்குப் போகும் நாட்கள் உண்டு. தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யாமல் நோயாளியை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். எங்கள் உட்கிராமத்திலிருந்து போய்வர ஓட்டோவுக்கு 3,500 ரூபா. ஐந்து தடவை போனோம், இரண்டு தடவை போதுமாக இருந்திருக்கும். முதல் தடவை நோயாளி வரவேண்டிய தேவையே இல்லை. படிவம் வாங்கவும் தாள்களைக் காட்டவும் வீட்டில் ஒருவர் போனால் போதும்.

அலுவலகத்தில் "முதியோர் விடயம்" ஒரு மேசையிலும், "மாற்றுத்திறனாளிகள் விடயம்" இன்னொரு மேசையிலும் இருக்கலாம். அம்மாவின் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றவர் முதியோர் மேசையைக் காட்டினார். அங்கிருந்தவர் பண்பாகவே, "அம்மாவுக்கு எழுபது ஆனதும் வாங்கோ, பெயரைப் போட்டுவிடலாம்" என்றார். நாங்களும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தோம். அந்தப் பண்பான வசனம் எங்களுக்கு நான்கு மாதம் செலவாக்கியது. ஏழு வருடம் காத்திருந்தால், இன்றைய கணக்கில், உரியதில் பாதிதான் கிடைத்திருக்கும்.

கேட்கும்போது வார்த்தையையும் கவனியுங்கள். ஒரே விடயத்துக்கு அங்கவீனமுற்றோர், வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுத்திறனாளிகள் என்று காலத்துக்கொரு பெயர் இருந்திருக்கிறது. பழைய படிவத்தில் ஒன்றும், சுவரில் ஒட்டிய அறிவித்தலில் இன்னொன்றும் காணப்படும். "உதவிப்பணம்" என்று பொதுவாகக் கேட்டால் வேறு சிறிய உதவி ஒன்றுக்கான படிவம் கைக்கு வரும். "மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு" என்று முழுப் பெயரில் கேளுங்கள்.

இரண்டு விடயங்களை இங்கே தெளிவாக்குகிறேன். அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசுமவின் பட்டியலில் குடும்பத்தின் பெயர் இல்லையென்றால் இதுவும் கிடையாது என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், முதியோர் ஆகியோருக்கான கொடுப்பனவுகள் தனி வகைகள். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயால் வேலை செய்ய முடியாமல் போனவர்கள் தங்களுக்கான கொடுப்பனவும் இப்போது 10,000 ரூபா என்பதைக் கவனிக்கவும். மற்றையது, அஸ்வெசும கணக்கெடுப்பு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்கு இரண்டு காலும் இருந்தன. அந்தத் தரவில் அவர் இன்றும் நடந்துகொண்டிருந்தார். குடும்பத்தில் ஒருவர் இயலாதவராகிவிட்டார் என்பதை எழுத்தில் கொடுத்து, தரவைத் திருத்தும்படி தனியாகக் கேட்க வேண்டும், யாரும் தாமாக வந்து திருத்த மாட்டார்கள்.

5. மருத்துவச் சான்று: வழி தவறும் இடம்

படிவத்தில் அரச வைத்தியர் நிரப்பிக் கையொப்பமிட வேண்டிய பகுதி உண்டு. என் அனுபவத்தில் வயது கடந்தவர்களின் விண்ணப்பங்கள் சாய்வது இங்கேதான். வெளிநோயாளர் பிரிவில் நூறு பேர் காத்திருக்கும் காலைப் பொழுதில் அந்த வைத்தியருக்கு உங்களுக்கென இருப்பது இரண்டு நிமிடம். அவர் நோயைப் பார்த்து நோயை எழுதுவார். எங்கள் முதல் படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்ததன் பொருள், நீரிழிவும் வயதால் வந்த பலவீனமும் உள்ளவர் என்பது. கால் இல்லை என்ற செய்தி அந்தத் தாளில் எங்கும் இல்லை! சேலைக்குள் இருந்த காலை அவர் பார்க்கவுமில்லை, நாங்கள் காட்டவுமில்லை.

இரண்டாவது தடவை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். நோயின் பெயர்களை அல்ல, அம்மாவால் தனியாகச் செய்ய முடியாதவற்றை எழுதினேன். குந்தியிருக்க முடியாது, ஆகவே வெளியிலிருக்கும் மலசலகூடத்தைத் துணையின்றிப் பயன்படுத்த முடியாது. கிணற்றில் அள்ள முடியாது. நிலத்தில் உள்ள அடுப்பில் சமைக்க முடியாது. படுக்கையிலிருந்து கதிரைக்கு மாற ஒருவர் பிடிக்க வேண்டும். மணல் பாதையில் ஊன்றுகோல் புதைவதால் பேருந்து நிற்கும் இடம்வரை போக முடியாது. இவ்வளவுதான், ஆறு வரி. வைத்தியர் வாசித்துவிட்டு, "இதை முதலே தந்திருக்கலாமே" என்று சொல்லி, நிரந்தர இயலாமை, அன்றாட வேலைகளுக்கு இன்னொருவரின் உதவி தேவை என்று எழுதினார்.

உங்கள் தாளை எழுதும்போது மூன்று எச்சரிக்கைகள். வெட்கத்தை வீட்டில் விட்டுவிடுங்கள். எங்கள் தாய்மார் "சமாளிப்பன் தம்பி" என்று சொல்லியே பழகியவர்கள், அந்தச் சொல்லை வைத்தியர் நம்பினால் படிவத்தில் அதுதான் ஏறும். அதேவேளை மிகைப்படுத்தவும் வேண்டாம், வீட்டைப் பார்க்க உத்தியோகத்தர் வரும்போது எழுத்தும் காட்சியும் ஒத்துப்போக வேண்டும். கடைசியாக, வைத்தியர் எழுதியதை அறையை விட்டு வெளியேறும் முன்பே வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். "வயது" என்ற சொல் காரணமாக இருந்தால், காலை எடுத்த திகதியைக் காட்டி, மரியாதையோடு திருத்தக் கேளுங்கள். வீட்டுப் பெண்களிடம் "என்ன தொழில் செய்தவர்?" என்று கேட்பார்கள். "ஒன்றுமில்லை" என்று பதில் சொல்லாதீர்கள். அம்மா நாற்பது வருடம் நாற்று நட்டவர், மாடு பார்த்தவர், அதைச் சொன்னால்தான் எதை இழந்தார் என்பது பதியப்படும்.

6. காத்திருப்போர் பட்டியல்

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் பணம் வரும் என்று எண்ணாதீர்கள். கொடுப்பனவு பெறுவோரின் எண்ணிக்கைக்கு ஒதுக்கீட்டின் எல்லை உண்டு, புதியவர்கள் பட்டியலில் நிற்பார்கள். கையளிக்கும் அன்றே உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நாங்கள் வாங்கவில்லை. பிறகு எங்கள் விண்ணப்பம் எப்போது வந்தது என்பதையே நிரூபிக்க முடியாமல் நின்றோம்.

மூன்று மாதம் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். இது சண்டை பிடிப்பதல்ல, ஒரு தாள் கொடுப்பது. பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் அறிவிக்க வேண்டும். நான் கேட்டவை நான்கு: அம்மாவின் விண்ணப்பம் பதிவான திகதி, பட்டியலில் அவருடைய இலக்கம், பட்டியல் எந்த ஒழுங்கில் வரிசைப்படுத்தப்படுகிறது, கடந்த ஒரு வருடத்தில் எத்தனை புதியவர்கள் சேர்க்கப்பட்டார்கள். மறுமொழி வரும் முன்பே தொலைபேசி வந்தது. விண்ணப்பம் பட்டியலில் ஏறவே இல்லை, மருத்துவச் சான்றின் ஒரு பக்கம் இல்லாமல் கோப்பில் கிடந்திருக்கிறது என்று அறிந்தோம். அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த நாள்தான் உண்மையில் எங்கள் விண்ணப்ப நாள்.

7. செயற்கைக் கால்

கொடுப்பனவுக்குக் காத்திருக்கும் காலத்திலேயே இதையும் தொடங்குங்கள், ஒன்றுக்காக மற்றதை நிறுத்தி வைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறது. மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் புனர்வாழ்வுச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கிளினிக் வைத்தியரிடம் அனுப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு, எந்த நாளில் அளவெடுப்பார்கள், என்ன செலவு வரும் என்பதைத் தொலைபேசியில் கேட்டபின் புறப்படுங்கள். மரத்தால் விழுந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் மாங்குளத்தில் இயங்கும் உயிரிழை அமைப்பையும் நாடலாம்.

சீனி வருத்தக்காரருக்குக் காயம் ஆறவும் வீக்கம் வற்றவும் காலம் எடுக்கும். அம்மாவுக்கு நான்கு மாதத்துக்குப் பிறகுதான் அளவெடுத்தார்கள். முதல் வருடத்தில் எஞ்சிய கால் மெலிந்துகொண்டே போகும் என்பதால் அதன்மேல் பொருத்திய செயற்கைக் காலின் கிண்ணம் தளரும், மீண்டும் சரிபார்க்கப் போக வேண்டும். அந்தப் பயணச் செலவையும் கணக்கில் வையுங்கள். மற்றக் காலை ஒவ்வொரு இரவும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட.

கால் அளவெடுக்கக் காத்திருந்த வாங்கில் அம்மாவுக்கு அருகே ஷெல்லில் காலை இழந்த ஒரு தம்பி இருந்தார். கால் உறையை எப்படி மடிப்பு விழாமல் இழுப்பது என்று அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். போரில் காயப்பட்டவர்களுக்கு அதிகம் போய்விட்டது என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை, அவர்களுக்கும் போதுமானது போய்ச் சேரவில்லை. ஆனால் சுயதொழில் உதவி, பயிற்சி என்று வரும் திட்டங்களில் பலவும் இளையவரை மனதில் வைத்து அமைந்தவை. 64 வயதுப் பெண் ஒருவர் கோழி வளர்க்கக் கேட்டால் சிரிக்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும், அம்மா கேட்டார், இப்போது பதினொரு கோழி நிற்கிறது.

8. பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள்

அரச சேவையில் இருந்தவர் நோயால் விலக நேர்ந்தால் மருத்துவச் சபையூடாக ஓய்வூதியம் பெற வழியுண்டு. நாற்று நட்டவருக்கு அது இல்லை. ஆனாலும் சிலருக்கு மறந்துபோன உரித்துகள் இருக்கும். கூட்டுறவுச் சங்கத்திலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கலாம். பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கும் அந்தப் பணத்தை, இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்று வைத்தியர் உறுதிப்படுத்தினால் அதற்கு முன்னரே எடுக்கலாம். கமக்காரர் ஓய்வூதியத் திட்டத்தில் முன்னர் பணம் கட்டியவர்கள் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு விசாரியுங்கள், அந்தத் திட்டத்தில் இயலாமைக்கான நன்மையும் உண்டு. மீனவர்களுக்கும் இதுபோன்ற திட்டம் இருந்தது.

9. பணம் வரத் தொடங்கியபின்

பணம் வங்கிக்கு வருமா, தபாலகத்தில் எடுப்பதா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்க முடியாதவருக்காக இன்னொருவர் எடுப்பதானால் அதற்கான அதிகாரக் கடிதத்தை முதல் மாதத்துக்கு முன்பே ஒழுங்கு செய்யுங்கள். வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் பக்கத்து வீட்டுப் பொடியனிடம் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சிகிச்சைக்காகவோ மகளோடு இருப்பதற்காகவோ சில மாதம் வேறு மாவட்டத்துக்குப் போவதானால், போகும் முன்பே விதானையாருக்கும் சமூக சேவைகள் உத்தியோகத்தருக்கும் கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். அம்மாவின் கோப்பில் இப்போது இருபத்தாறு தாள்கள் இருக்கின்றன. அரிசிப் பானைக்கு மேலே, எலி எட்டாத பறணில் வைத்திருக்கிறோம்.